நாலு புள்ளி சைபர் டிகிரி

இருபத்தாறு வயதில் ரிடையர் ஆகிவிட்டேன் என்றால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். ஐந்து வருஷம் வேலை பார்த்தேன், முடிந்தது. இப்போது மாமாவின் எலக்ட்ரிக்கல் கடையில் ஒயர் அளந்து வெட்டிக் கொடுக்கிறேன். போன வாரம் கல்லூரி ஜூனியர்கள் மூன்று பேர் கடைக்கே வந்து நின்றார்கள்.

"அண்ணா, இப்ப எல்லாருக்கும் இந்த ஃப்ரீ ஆபரேட்டிங் சிஸ்டம் மேலதான் கிரேஸு. நீங்க அதோட ஹெடர் ஃபைலையெல்லாம் பிரிச்சு அடுக்கினீங்களாமே? நம்ம காலேஜ் மலருக்கு ஒரு கட்டுரை குடுங்கண்ணா. செம இன்ஸ்பிரேஷனா இருக்கும்."

இன்ஸ்பிரேஷன் வேண்டுமென்றால் வேறு கடையில் கேளுங்கள் என்றேன். போகவில்லை. அதனால் இதை எழுதுகிறேன். பில் போடும் கம்ப்யூட்டரில் வேகமாகத் தட்டுகிறேன். நின்று யோசித்தால் எழுத மாட்டேன். ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். நடந்ததை மாற்றவில்லை.

படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அப்பா ரயில்வே. நாலு வருஷ இன்ஜினியரிங்கில் நான் உருப்படியாகக் கற்றது சி மொழி ஒன்றுதான், மீதி நேரமெல்லாம் கேன்டீன். பெங்களூர்க் கம்பெனிகள் வரிசையாகக் கையை விரித்த பிறகு தேவராஜ மொஹல்லாவில் ஒரு பாத்திரக் கடையின் மாடியில் இருந்த சின்னக் கம்பெனியில் சேர்ந்தேன். முதலாளியோடு சேர்த்து ஆறு பேர். கீழே பித்தளை அண்டாவைத் தட்டித் தட்டி விற்பார்கள். மேலே நாங்கள் ப்ரோகிராம் எழுதுவோம். குளிர்பதனக் கிடங்குகளில் உள்ளே எத்தனை டிகிரி என்று பார்த்து, சூடு ஏறினால் கம்ப்ரஸரைத் தானாக ஓட விடும் கம்ப்யூட்டர் செய்து கொடுப்பது எங்கள் தொழில். காசு கொடுத்து வாங்கும் சிஸ்டம் கட்டுப்படியாகாது. சோர்ஸ் கோடோடு இலவசமாக சி.டி.யில் வந்துகொண்டிருந்த ஆபரேட்டிங் சிஸ்டத்தைத்தான் எல்லா மெஷினிலும் போடுவோம்.

எனக்கு மேலே இருந்தவர் மாதேசண்ணன். என்னைவிட ஆறு வயதுதான் மூத்தவர். கொள்ளேகால் பக்கம் கௌதள்ளிக்காரர், படித்தது டிப்ளமா. கம்பெனியின் டிரைவர் ப்ரோகிராம், அதாவது சென்சார் கார்டோடு நேரடியாகப் பேசும் பகுதி, முழுக்க அவர் எழுதியது. நான் பி.இ. என்ற திமிரில் முதல் ஆறு மாதம் அவரை ஒரு எலக்ட்ரீஷியன் மாதிரி நடத்தினேன். அவர் அதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

ஹெடர் ஃபைல் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. இரண்டு ப்ரோகிராம்கள் தகவல் கொடுத்து வாங்கும்போது எது முதலில், எது பிறகு, எதற்கு எத்தனை பைட் என்று முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்கிற பட்டியல்தான் அது. இரண்டு பேரும் ஒரே பட்டியலைப் பார்த்தால் பிரச்சினை இல்லை. ஆளுக்கொரு பட்டியலைப் பார்த்தால் எவனும் கத்த மாட்டான், எர்ரர் வராது. தப்பான இடத்தில் இருக்கும் எண்ணைச் சரியென்று எடுத்துக்கொண்டு போய்க்கொண்டே இருப்பான்.

அந்தச் சிஸ்டத்தில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. கெர்னல் என்கிற உள்மையத்துக்கான ஹெடர் ஃபைல்களும் வெளியே ஓடும் சாதாரண ப்ரோகிராம்களுக்கான ஹெடர் ஃபைல்களும் ஒரே குவியல். சாதாரண ப்ரோகிராம் ஹெடர் தேடிப் போகும் ஃபோல்டரில் ஒரு லிங்க் இருக்கும். அந்த லிங்க், மெஷினில் பிரித்துவைத்திருக்கும் கெர்னல் சோர்ஸுக்குள் நேராகக் கொண்டுபோய் விட்டுவிடும். யாராவது புது கெர்னல் சோர்ஸைப் பிரித்து அங்கே வைத்தால், அதற்குப் பிறகு அந்த மெஷினில் கம்பைல் ஆகும் எல்லா ப்ரோகிராமும் புதுப் பட்டியலைப் பார்க்கும். உலகம் முழுக்க அப்படித்தான் செய்துகொண்டிருந்தார்கள். அது சரியில்லை என்று எங்கள் மாடியில் ஒருவர் நினைத்தார்.

மாதேசண்ணன் சுவரில் பெரிய பிரவுன் பேப்பர் ஒட்டியிருந்தார். அதில் மூன்று பத்தி. உள்ளே மட்டும், வெளியே மட்டும், ரெண்டுக்கும். பென்சிலில், கன்னட எழுத்தில். நூற்றுக்கணக்கான ஹெடர் ஃபைல்களில் ஒவ்வொன்றையும் படித்து எந்தப் பத்தி என்று முடிவு செய்து எழுதுவார். மூன்றாவது பத்திதான் அவருக்கு எதிரி. அங்கே ஒரு ஃபைல் வந்தால் அதை எப்படி இரண்டாகப் பிரிப்பது என்று நாள்கணக்கில் மண்டை காய்வார். எல்லாம் முடிந்ததும் அந்தச் சிஸ்டத்தை நடத்தும் ஆட்களுக்கே அனுப்ப வேண்டும் என்பது திட்டம். ஈமெயில் கல்லூரியில்தான் இருந்தது; என் பழைய லேப் அக்கவுண்ட் வழியாக அனுப்பலாம் என்று நானே பிலிம் காட்டியிருந்தேன்.

அவர் வேலை வாங்கும் விதம் எரிச்சலாக இருக்கும். கீபோர்டைத் தொட மாட்டார். பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, "படி" என்பார். ஸ்கிரீனில் இருப்பதை ஒவ்வொரு வரியாக வாய்விட்டுப் படிக்க வேண்டும், அரைப்புள்ளி உட்பட.

"இதெல்லாம் கம்பைலர் பாத்துக்கும்ணா. நாம எதுக்குக் குமாஸ்தா வேலை பாக்கணும்?"

"கம்பைலரு உங்கூட்டு வேலக்காரனா, எல்லாத்தையும் பாத்துக்கறதுக்கு? படி."

கஸ்டமருக்கு ப்ரோகிராம் போகிற நாளில் இன்னொரு சடங்கு. அந்த ப்ரோகிராம் தொடும் ஹெடர் ஃபைல் ஒவ்வொன்றின் பெயர், அளவு, தேதி எல்லாவற்றையும் டாட் மேட்ரிக்ஸில் பிரிண்ட் எடுப்பார். கஸ்டமர் மெஷினில் இருக்கும் கெர்னலின் லிஸ்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொள்வார். ஸ்கேலை வைத்து வரி வரியாக இறங்கி டிக் போடுவார். எல்லா வரியும் டிக் ஆன பிறகு ஃப்ளாப்பியின் லேபிளில் கையெழுத்து. அந்தக் கையெழுத்து இல்லாமல் எந்த ஃப்ளாப்பியும் படி இறங்காது. இது முதலாளி போட்ட விதி இல்லை, அவரே போட்டுக்கொண்டது. "கையெழுத்துப் போட்டவந்தான் பதில் சொல்லோணும். மத்தவன ஆரும் கேக்கப்படாது" என்பார்.

என் நாலாவது வருஷத்தில் அவருக்குப் பெங்களூரில் ஒரு பெரிய கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தது. இன்டர்வியூ இரண்டு சுற்றும் முடிந்துவிட்டது. எங்கள் முதலாளி வேணு சாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஆர்டர் அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்கள். டிப்ளமாக்காரனுக்கு அப்படி ஒரு கதவு இன்னொரு முறை திறக்காது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவர் வெளியில் காட்டவில்லை. ஆனால் இரண்டு புதுச் சட்டை தைக்கக் கொடுத்திருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் அவர் தங்கை கல்யாணம். பத்து நாள் லீவு. போகிற அன்று காலை குண்டலுபேட்டைக் கிடங்கிலிருந்து போன். ரிப்போர்ட் பிரிண்டில் தேதி தலைகீழாக வருகிறது, மாற்றிக் கொடுங்கள் என்று. ஒரே வரித் திருத்தம். மாதேசண்ணனுக்குக் கொள்ளேகால் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

"நீ மாத்தீருவியா?"

"ஒரு வரிதானேண்ணா. இதுக்கு நீங்க இருக்கணுமா? மாப்பிள்ள வீட்டுக்காரங்க முன்னாடி நிக்கணும்ல, மொதல்ல சட்டைய மாத்துங்க."

சிரித்தார். டிராயரைத் திறந்து ஒரு வெற்று லேபிளை எடுத்தார். கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு கையெழுத்துப் போட்டு என்னிடம் கொடுத்தார். "லிஸ்ட்டு எடுத்து டிக்கு அடிச்சிட்டு ஒட்டு. மறந்துறாத."

அவர் வெற்று லேபிளில் கையெழுத்துப் போட்டது அந்த ஒரு முறைதான்.

மறுநாள் புது சி.டி. வந்தது. புது கெர்னல். அதில்தான் என் மெஷினில் செருகியிருந்த சவுண்ட் கார்டு வேலை செய்யும். எட்டு மாதமாக ஊமையாகக் கிடந்த கார்டு. பிரித்து வைத்தேன், மதியத்துக்குள் பாட்டு கேட்டது. மாடியே கை தட்டியது. அந்தச் சந்தோஷத்தில் தேதி வரியைத் திருத்தினேன், கம்பைல் செய்தேன். பிரிண்டரில் ரிப்பன் தேய்ந்திருந்தது, லிஸ்ட் எடுக்கவில்லை. லேபிளை ஒட்டினேன். அட்டையில் சுற்றிக் குண்டலுபேட்டை பஸ் கண்டக்டரிடம் கொடுத்தேன். எப்போதும் அப்படித்தான் போகும்.

புது கெர்னலின் ஹெடரில் ஒரு கருவி எண் இரண்டு பைட்டிலிருந்து நாலு பைட் ஆகியிருந்தது. அவ்வளவுதான். குண்டலுபேட்டை மெஷினில் இருந்த பழைய கெர்னல் பழைய வரிசையிலேயே தகவல் கொடுத்தது. முதலில் கருவி எண், அடுத்து உள்ளே இருக்கும் உண்மையான வெப்பம், அடுத்து நாங்கள் இவ்வளவு வேண்டும் என்று சொல்லிவைத்த வெப்பம். நான் அனுப்பிய ப்ரோகிராம் இரண்டு பைட் தள்ளிப் படித்தது. அதனால் உண்மையான வெப்பத்தைத் தாண்டிப் போய், வேண்டும் என்று சொன்ன வெப்பத்தையே உண்மை என்று எடுத்துக்கொண்டது. ஸ்கிரீனில் நாலு புள்ளி சைபர் டிகிரி. எப்போது பார்த்தாலும் நாலு புள்ளி சைபர். சூடு ஏறினால்தானே கம்ப்ரஸர் ஓடும்? ஓடவில்லை.

உள்ளே இருந்தது விதை உருளைக்கிழங்கு. வெளியே ஏப்ரல் மாதம்.

ஆறாம் நாள் எனக்குப் போன் வந்தது. கிடங்கின் ஆபரேட்டர் நஞ்சுண்டன். ஐம்பது வயசு ஆள், என்னைப் போய் சார் என்பார்.

"சார், ஒளகடெ யாக்கோ பெச்சகிதெ சார். ரெண்டு நாளா ஸ்வெட்டர் இல்லாமத்தான் உள்ளே போயிட்டு வர்றேன்." உள்ளே ஏனோ வெதுவெதுப்பாக இருக்கிறது என்று கன்னடமும் அவருக்குத் தெரிந்த தமிழும் கலந்து சொன்னார்.

"ஸ்கிரீன்ல எவ்ளோ காட்டுது?"

"நால்கு சார்."

"அப்ப நாலுதான். வெளிய வெயில்ல இருந்து உள்ள போனா அப்படித்தான் இருக்கும். கம்ப்யூட்டருக்கு ஒடம்பு சரியில்லைன்னு யாராச்சும் சொல்வாங்களா? ஸ்வெட்டர் போட்டா போடுங்க, போடாட்டி விடுங்க."

பக்கத்தில் இருந்தவன் சிரித்தான். நானும் சிரித்துக்கொண்டே போனை வைத்தேன்.

ஒன்பதாம் நாள் நாற்றம் வெளியே வந்தது.

மாதேசண்ணன் பதினோராம் நாள் காலை வந்தார், கையில் கல்யாண மைசூர்பாக்கோடு. விஷயத்தைக் கேட்டதும் டப்பாவை மேஜையில் வைத்துவிட்டு என் மெஷின் முன் ஸ்டூலைப் போட்டார். குண்டலுபேட்டையிலிருந்து வந்திருந்த ரிப்போர்ட் பிரிண்டைப் பார்த்தார். தேதி மட்டும் சரியாக இருந்தது.

"ஒம்பது நாளா ஒரு ரூமு நாலு புள்ளி சைபர்லயே நிக்குமா முரளி? கதவத் தொறந்து மூடுனாக் கூட கொஞ்சம் அசையோணுமே."

நான் கீபோர்டை என் பக்கம் இழுத்தேன்.

"அந்த லிங்கு எங்க போவுதுன்னு பாரு."

பார்த்தேன். "புது கெர்னலுக்குண்ணா."

"எதுக்குப் போட்ட?"

"சவுண்ட் கார்டுக்கு."

கீழே யாரோ அண்டாவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் ஸ்பீக்கரைப் பார்த்தார்.

"பாட்டு கேட்டுச்சா?"

"கேட்டுச்சுண்ணா."

"லிஸ்ட்டு?"

"எடுக்கல."

தலையாட்டினார். திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு எதையாவது கத்தியிருப்பேன். அவர் திட்டவில்லை.

மதியம் வேணு சார் ரூமில் எல்லோரும் நின்றோம். கிடங்கின் சொந்தக்காரர் உட்கார்ந்திருந்தார், கண்ணெல்லாம் சிவந்து. வேணு சார் ஃப்ளாப்பியை மேஜையில் வைத்தார், லேபிள் மேல்பக்கமாக.

"இது யாரோட கையெழுத்து?"

"என்னுதுங் சார்" என்றார் மாதேசண்ணன்.

"என் ஆளு போன் பண்ணினான்" என்றார் கிடங்குக்காரர். "இங்க யாரோ எடுத்து, நாலுன்னா நாலுதான்னு சிரிச்சிருக்காங்க. யார் அது?"

மாதேசண்ணன் திரும்பி என்னைப் பார்த்தார். ஒரே ஒரு தடவை. கோபம் இல்லை, கெஞ்சலும் இல்லை. ஸ்டூலில் உட்கார்ந்து "படி" என்று சொல்லிவிட்டுக் காத்திருப்பாரே, அந்தப் பார்வை. நான் சுவர்க் காலண்டரைப் பார்த்தேன். அதில் ஏதோ ஒரு கோயில் கோபுரம். அதன் நிறங்களெல்லாம் இன்னும் ஞாபகம் இருக்கிறது.

"கையெழுத்து நான் போட்டது. பதிலு நாஞ் சொல்றேனுங் சார்" என்றார் அவர்.

அன்று சாயங்காலமே அவரை நிறுத்திவிட்டார்கள். கவனக்குறைவுக்காக நீக்கப்பட்டார் என்று கிடங்குக்காரருக்கு ஒரு கடிதம் போனது. அதற்கடுத்த வாரம் பெங்களூரிலிருந்து வேணு சாருக்குப் போன் வந்தது. கதவு சாத்தியிருந்ததால் என்ன பேசினார் என்று கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை. மாதேசண்ணனுக்கு ஆர்டர் வரவில்லை. தைத்த சட்டைகளை அவர் வாங்கப் போனாரா என்று எனக்குத் தெரியாது.

பிறகு நான் செய்ததைத்தான் ஜூனியர்கள் இன்ஸ்பிரேஷன் என்கிறார்கள். பிரவுன் பேப்பர் சுவரிலேயே இருந்தது. மூன்றாவது பத்தியில் நாற்பத்திரண்டு ஃபைல்கள் மிச்சம். ஒரு வருஷம் எடுத்து ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படித்தேன், பக்கத்தில் ஸ்டூல் காலியாக இருந்தது. எது உள்ளே, எது வெளியே என்று பிரித்தேன். கெர்னல் மாறினாலும் வெளி ப்ரோகிராம்களின் பட்டியல் மாறாமல், லிங்க் இல்லாமல், தனியாக ஒரு பிரதி உறைந்து நிற்கும்படி அடுக்கினேன். கல்லூரி லேப் வழியாக அனுப்பினேன். ஏழெட்டுத் தடவை திருப்பி அனுப்பினார்கள், திட்டினார்கள், கடைசியில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டார்கள். செய்தவர் பெயர் என்ற இடத்தில் மாதேசண்ணன் பெயரைப் போட்டிருந்தேன். அதோடு எல்லாம் நேராகிவிடும் என்று நினைத்த அளவுக்கு முட்டாளாக இருந்தேன்.

ஆகவில்லை. ஒரு காலை வேணு சார் ரூமுக்குப் போய் உட்காராமலே சொன்னேன். புது கெர்னலைப் போட்டது நான், லிஸ்ட் எடுக்காதது நான், லேபிளை ஒட்டியது நான், போனை எடுத்துச் சிரித்ததும் நான்.

வேணு சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"முரளி, அவனோட லீவு லெட்டர்ல கையெழுத்துப் போட்டது யாரு? நான்தானே? அவன் ஊர்ல இருக்கறச்சே ஃப்ளாப்பி போச்சுன்னு எனக்குத் தெரியாதா?"

கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

"கிடங்குக்காரனுக்கு ஒரு ஆளக் காட்டணும். மாதேசா எப்படியும் பெங்களூர் போறவன். நீ இருக்கறவன். போறவன அனுப்பிட்டு இருக்கறவன வச்சிண்டேன், அஷ்டே, அவ்வளவுதான். அவனும் வாயத் திறக்கலை, நீயும் திறக்கலை. என் வேல சுலபமாயிடுத்து. போ, போய் வேலயப் பாரு."

"பெங்களூர்ல கேட்டப்போ என்ன சார் சொன்னீங்க?"

"லெட்டர்ல என்ன எழுதினேனோ அதத்தான் சொல்ல முடியும். அப்புறம் மாத்திச் சொன்னா கம்பெனி பேரு என்னாகும்?"

அன்றைக்கே ராஜினாமா எழுதிக் கொடுத்தேன். பெரிய வீரம் ஒன்றும் இல்லை. ஒரு வருஷம் லேட்.

மறுநாள் கௌதள்ளிக்குப் பஸ் ஏறினேன். மாதேசண்ணன் ஊரிலேயே ரேடியோ, மிக்ஸி, மோட்டார் எல்லாம் ரிப்பேர் செய்யும் கடை வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் ஸ்டூலைத் தள்ளிவிட்டார்.

"ஒக்காரு. டீ குடிக்கறயா?"

அனுப்பிய வேலையின் பிரிண்ட் அவுட்டை நீட்டினேன். காதில் இருந்த பென்சிலை எடுத்தார், ஸ்கேலைத் தேடினார், கிடைக்கவில்லை, ஸ்க்ரூ டிரைவரை வைத்து வரி வரியாக இறங்க ஆரம்பித்தார். ஒரு மணி நேரம். மிக்ஸி வாங்க வந்த அம்மா இரண்டு தடவை வந்துவிட்டுப் போனார். இரண்டு இடத்தில் வட்டம் போட்டார். கடைசியில் முதல் பக்கத்துக்குத் திரும்பி, தன் பெயர் மேல் ஒரு கோடு இழுத்தார்.

"இது நான் பாக்கறதுக்கு முன்னாடி போனது. எம்பேரு எதுக்கு? ஒருக்கா அப்பிடிப் போட்டதே போதும்."

"அண்ணா, போன் எடுத்தது நான்தான்."

"தெரியும். நஞ்சுண்டன் இங்க மலைக் கோயிலுக்கு வந்தப்பச் சொன்னான். குரலு சின்னப் பையன் குரலுன்னு."

"நேத்து வேணு சார்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

பென்சிலைத் திரும்பக் காதில் செருகினார்.

"சொன்னது உங்கணக்குக்கு. எங்கணக்கு வேற. வெத்து லேபிளுல கையெழுத்துப் போட்டவன் நான். தப்புத்தான். தப்புக்கு வெளிய அனுப்புனாங்க. நியாயந்தான். அத நெனச்சுத்தான் முரளி நான் இங்க ஒக்காந்து நிம்மதியா ஸ்க்ரூ திருகிட்டு இருக்கறேன்." டீயை என் பக்கம் நகர்த்தினார். "சாரு என்ன சொன்னாரு? தெரியாமப் பண்ணிட்டனேன்னு வருத்தப்பட்டாரா?"

டீ சூடாக இருந்தது. கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போறவன், இருக்கறவன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

"வருத்தப்பட்டாருண்ணா" என்றேன்.

அவர் முகம் கொஞ்சம் இளகியது. மிக்ஸியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

கட்டுரையைக் கன்னடத்திலும் கொடுங்கள், மலரில் இரண்டு மொழியிலும் போடுவோம் என்று ஜூனியர்கள் கேட்டார்கள். முடியாது என்றுவிட்டேன். கௌதள்ளியில் வீட்டுக்கு வீடு தமிழ்தான் பேசுகிறார்கள்; ஆனால் பள்ளிக்கூடம் முழுக்கக் கன்னட மீடியம். மாதேசண்ணனுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது.